ரெஸ்டிக்: கேட்காமல் அழிக்கும் கணினிக்கு ஒரு காப்பு

லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்து இயக்கும் திரையில், கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு மறுபேச்சு கிடையாது. குப்பைத்தொட்டி இல்லை, "அழிக்கட்டுமா?" என்ற கேள்வியும் இல்லை. லினக்ஸின் குனு கருவித் தொகுப்பில் வரும் ஆர்எம், எல்லா அடைவுகளுக்கும் (ஃபோல்டர்களுக்கும்) வேரான, சாய்கோடாக (/) எழுதப்படும் ரூட் அடைவை நேரடியாக அழிக்கச் சொன்னால் 2006 முதல் மறுக்கிறது. ஆனால் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தால் போதும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அதை உள்ளிருக்கும் அடைவுகளின் பெயர்களாக விரித்துக் கொடுக்கும். ஆர்எம் கைக்கு வந்த பட்டியலை ஒழுங்காக அழித்து முடிக்கும். தரவை டிஸ்க்கின் மேல் நேரடியாக எழுதும் டிடி கட்டளையில் எஸ்டிபி (இரண்டாவது டிஸ்க்) என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று அடித்தால், பென் டிரைவுக்குப் போக வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு கணினியின் முதல் டிஸ்க்கின் மேல் ஏறும். அது எஸ்எஸ்டியாக இருந்து, அழித்த கோப்புகளின் மேல் ட்ரிம்மும் (அழித்த இடத்தை எஸ்எஸ்டி காலி செய்யும் வேலை) ஓடிவிட்டால், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகளாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

"பார்த்து அடி" என்று சொல்வதால் இது தீராது. தவறு நடக்கத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, அந்தத் தவறின் கை எட்டாத இடத்தில் தரவின் பழைய நிலைகளைச் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு இன்று கிடைக்கும் இலவச பேக்கப் மென்பொருள்களில் ரெஸ்டிக் முதல் வரிசையில் நிற்கிறது. ஆனால் அதுவும் அதே டெர்மினல் மரபில் வந்ததுதான். சில இடங்களில் அதுவும் மன்னிக்காது. இந்த மதிப்புரையில் அந்த இடங்களுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

அலெக்சாண்டர் நாய்மன் தொடங்கிய திறமூலத் திட்டம் இது. கோ மொழியில் எழுதப்பட்டது, பிஎஸ்டி உரிமம். ஒரே ஒரு இயங்கு கோப்புதான்; பதிவிறக்கி, இயக்கும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. லினக்ஸ், மேக், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி எல்லாவற்றிலும் ஓடும். நகல்கள் சேரும் இடத்துக்கு ரெப்பாசிட்டரி, சுருக்கமாக ரெப்போ என்று பெயர். அது வெளி ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம், எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை) வழியே இன்னொரு கணினியாக இருக்கலாம், கிளவுட் சேமிப்பகங்களான அமேசான் எஸ்3, பேக்பிளேஸ் பி2, அசூர், கூகுள் கிளவுட் என்று எதுவாகவும் இருக்கலாம்.

கோப்புகளை 512 கேபி முதல் 8 எம்பி வரையான துண்டுகளாக, சராசரியாக 1 எம்பி அளவில் வெட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கமே தீர்மானிக்கிறது. அதனால் 2 ஜிபி கோப்பின் நடுவில் கொஞ்சம் தரவைச் செருகினாலும், செருகிய இடத்தைச் சுற்றியுள்ள துண்டுகள் மட்டுமே புதிதாகும். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுக்கப்படும். ஒரே கைரேகை உள்ள துண்டு ரெப்போவில் ஒரு முறைதான் இருக்கும். பிறகு ஏஇஎஸ்-256 முறையில் மறையாக்கி (என்கிரிப்ட் செய்து), ஏறக்குறைய 16 எம்பி பேக் கோப்புகளாகக் கட்டி அனுப்புகிறது. தினமும் முழு ஹோம் அடைவையும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்தாலும் இடம் பிடிப்பது அன்றைய மாற்றம் மட்டும்தான். 2022-இல் வந்த 0.14 பதிப்பு முதல் இஸட்ஸ்டாண்டர்ட் சுருக்கமும் உண்டு.

பதிப்பு எண்ணைக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. சுருக்கம் வந்தபோது ரெப்போவின் வடிவமும் 2-ஆம் பதிப்புக்கு மாறியது. 0.14-க்கு முந்தைய ரெஸ்டிக்கால் அதைத் திறக்க முடியாது. கணினி படுத்த நாளில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பழைய லைவ் பென் டிரைவைச் செருகி, அதில் இருக்கும் பழைய ரெஸ்டிக்கால் மீட்கப் பார்த்தால் கதவு திறக்காது. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் மென்பொருள் களஞ்சியத்தில் வருவது பெரும்பாலும் சில பதிப்புகள் பின்தங்கியிருக்கும். அதிகாரப்பூர்வ இயங்கு கோப்பை இறக்கிப் பயன்படுத்துங்கள். அதே கோப்பின் ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ரெப்போவுக்குப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். சில பத்து எம்பிதான்.

முதல் கட்டளை இனிட். அது ரெப்போவை உருவாக்கிக் கடவுச்சொல் கேட்கும். மன்னிக்காத முதல் இடம் இதுதான். கடவுச்சொல் தொலைந்தால் தரவு போனது போனதுதான், "மறந்துவிட்டதா?" பொத்தான் இல்லை, எழுதியவர்களாலும் திறக்க முடியாது. மறந்து தொலைப்பவர்கள் மட்டுமல்ல, வேறு விதமாகத் தொலைப்பவர்களும் உண்டு. பாஸ்வேர்ட் கோப்பை அதே மடிக்கணினியில் மட்டும் வைத்திருப்பார்கள். டிஸ்க் போகும்போது சாவியும் சேர்ந்து போகும். கீ ஆட் கட்டளையால் அதே ரெப்போவுக்கு இரண்டாவது கடவுச்சொல் சேர்க்கலாம். அதை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவிலோ, அலுவலகமானால் இன்னொரு பொறுப்பாளரிடமோ கொடுத்து வைக்கலாம்.

ரெப்போ இருக்கும் யுஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகாத (கணினியில் ஒரு அடைவாகத் திறக்காத) நாளில் என்ன நடக்கும்? ரெஸ்டிக் "இங்கே ரெப்போ இல்லை" என்று பிழை காட்டி நின்றுவிடும். சாதாரண விஷயமாகத் தெரியலாம். நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை, மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கும் டிலீட் ஆப்ஷனோடு ஓட்டிப் பழகியவர்களுக்கு அருமை தெரியும்: மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் அடைவு காலியாக இருந்தால், ஆர்சிங்க் நகல் பக்கத்தையும் அதேபோலக் காலியாக்கிக் கொடுக்கும். ரெஸ்டிக்கில் மூலம் காலியாக இருந்தால் ஒரு காலி ஸ்னாப்ஷாட் சேரும், நேற்றையது அப்படியே இருக்கும். ஒன்று மட்டும்: தானியங்கி ஸ்கிரிப்டில் "ரெப்போ இல்லையென்றால் இனிட் செய்" என்று எழுதி வைக்காதீர்கள். டிஸ்க் செருகாத நாளில் அது வெற்று மவுண்ட் அடைவில் புது ரெப்போ உருவாக்கி, உள் டிஸ்க்கையே நிரப்பத் தொடங்கும்.

பேக்கப் கட்டளை நேரானது. ஒன்-ஃபைல்-சிஸ்டம் சேர்த்தால் பக்கத்தில் மவுண்ட் ஆகியிருக்கும் மற்ற டிஸ்க்குகளுக்குள் போகாது. எக்ஸ்க்ளூட்-கேஷஸ் முறையாகக் குறியிடப்பட்ட கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) அடைவுகளை விட்டுவிடும். சுடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுபவர்கள், ரெப்போ முகவரியையும் கடவுச்சொல் கோப்பையும் என்விரான்மென்ட் மாறிகளில் (நிரல்கள் படித்துக்கொள்ளும் ஷெல் மதிப்புகளில்) வைத்திருந்தால் சுடோ வழக்கமாக அவற்றைக் கடத்தாது என்பதை நினைவில் வைக்கவும். சிஸ்டம்டி சேவையாக (லினக்ஸ் பின்னணியில் தானே ஓட்டும் வேலையாக) ஓட்டும்போது ஹோம் மாறி இல்லாமல் போனால் ரெஸ்டிக் கேஷ் இல்லாமல் ஓடும். எச்சரிக்கை ஒரு வரிதான் வரும். ஆனால் கிளவுட் ரெப்போவில் ஒவ்வொரு ஓட்டமும் ஊர்ந்து போகும்.

விண்டோஸில் திறந்திருக்கும் அவுட்லுக்கின் மின்னஞ்சல் கோப்பு (.pst) போன்ற கோப்புகளைப் படிக்க யூஸ்-எஃப்எஸ்-ஸ்னாப்ஷாட் ஆப்ஷன் வேண்டும். அதற்கு அட்மின் உரிமை வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கோப்புகளைத் தாண்டிப் போய், மீதியோடு ஸ்னாப்ஷாட்டை முடித்து, வெளியேறும் எண்ணாக (வேலை எப்படி முடிந்தது என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் எண்) 3 தரும். 0 என்றால் எல்லாம் சரி. 1 என்றால் ஸ்னாப்ஷாட்டே இல்லை. 3 என்றால் ஸ்னாப்ஷாட் உண்டு, சில கோப்புகள் அதில் இல்லை. இந்த 3-ஐ "பரவாயில்லை" என்று விழுங்கும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். மாதக்கணக்கில் இல்லாமல் போவது பெரும்பாலும் எப்போதும் திறந்தே இருக்கும் கோப்பு, அதாவது மிக முக்கியமான கோப்பு.

தோல்வி கண்ணில் படாமல் போவதற்கு நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனமே வெளியிட்ட 2017 அறிக்கையைவிட நல்ல பாடம் இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு, ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் அடைவை அழித்தார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி டம்ப் (டேட்டாபேஸ் முழுதையும் எழுதி எடுத்த கோப்பு) இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் எஸ்3 பக்கெட் காலி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 ஓடிய இடத்தில் 9.2 பதிப்பின் டம்ப் கருவி ஓடி, நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் நிர்வாக அடுக்கு) ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாக இருந்ததால் இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது.

இதிலிருந்து ரெஸ்டிக் பயனாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. முதலாவது, தோற்றால் தகவல் அனுப்பும் ஏற்பாட்டை நம்ப வேண்டாம். வென்றால் தகவல் போகட்டும், அது வராத நாளில் அலாரம் அடிக்கட்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. ஸ்கிரிப்டின் கடைசி வரியில், எண் 0 வந்தால் மட்டும், அந்தச் சேவை தரும் இணைய முகவரியை கர்ல் கட்டளை கொண்டு தட்டினால் போதும்.

இரண்டாவது டேட்டாபேஸ் பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் அடைவை அப்படியே பேக்கப் எடுக்கக் கூடாது. முதல் கோப்பைப் படிக்கும் நேரத்துக்கும் கடைசிக் கோப்பைப் படிக்கும் நேரத்துக்கும் நடுவில் உள்ளே எல்லாம் மாறியிருக்கும். டம்ப் எடுத்து ரெஸ்டிக்குக்குக் கொடுக்க வேண்டும். டம்ப் கருவியின் வெளியீட்டை பைப் போட்டு நேரடியாக ரெஸ்டிக்கின் எஸ்டிடின் ஆப்ஷனில் கொடுப்பது பழைய வழி. இதில் டம்ப் பாதியில் செத்தாலும், வந்த பாதியை முழுதென்று எண்ணி ரெஸ்டிக் வெற்றிகரமாகச் சேமித்துவிடும். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் அமைப்பு போட்டால் பிழை தெரியும், ஆனால் குறை ஸ்னாப்ஷாட் உள்ளேயே கிடக்கும். புதிய பதிப்புகளில் எஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட் இருக்கிறது: டம்ப் கட்டளையை ரெஸ்டிக்கே ஓட்டும், அது தோற்றால் ஸ்னாப்ஷாட்டையே கைவிடும். பைப்பை விட்டு இதற்கு மாறுங்கள்.

இனி ஃபர்கெட். பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் கழிக்கும் கட்டளை இது. ப்ரூன் அவற்றோடு உபயோகம் இழந்த துண்டுகளை நிஜமாக அழிக்கும். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் கீப்-டெய்லி 7, கீப்-வீக்லி 5, கீப்-மன்த்லி 12 நல்ல தொடக்கம். முதல் தடவை கட்டாயம் ட்ரை-ரன் (நிஜமாகச் செய்யாமல் காட்டுவது) சேர்த்து ஓட்டுங்கள். எது நிற்கும், எது போகும், ஏன் என்று அட்டவணையாகக் காட்டும். அந்த "ஏன்" பத்தியைப் படிப்பவர்கள் குறைவு.

அதைப் படித்தால் ஒன்று புரியும். கீப்-டெய்லி ஒரு நாளின் கடைசி ஸ்னாப்ஷாட்டைத்தான் வைத்துக்கொள்ளும். காலை 10 மணிக்கு நல்ல கோப்பு, மதியம் தவறாக அழித்தது, மாலை 6 மணிக்கு அடுத்த பேக்கப் என்றால், ஃபர்கெட் ஓடியதும் நிற்பது கோப்பு இல்லாத மாலைப் பதிப்பு. அன்று காலைதான் உருவான கோப்பென்றால் எங்கேயும் இருக்காது. ஒரு நாளில் பல முறை பேக்கப் எடுப்பவர்கள் கீப்-வித்தின் 3டி, அதாவது மூன்று நாளுக்குள் எதையும் தொடாதே என்பதையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கு இன்றைய தேதியிலிருந்து அல்ல, கடைசி ஸ்னாப்ஷாட்டின் தேதியிலிருந்து ஓடும். கணினி ஒரு மாதம் அணைந்து கிடந்தாலும் கடைசி மூன்று நாள் பத்திரமாக இருக்கும். நல்ல வடிவமைப்பு.

இன்னொரு பொறி. ஃபர்கெட் ஸ்னாப்ஷாட்டுகளைக் கணினிப் பெயரும் அடைவுப் பட்டியலும் வைத்துக் குழுவாகப் பிரிக்கும். இதுவரை ஹோம் மட்டும் எடுத்தவர் இன்று முதல் கணினி அமைப்புகள் இருக்கும் ஈடிசி அடைவையும் சேர்த்தால் அது புதுக் குழு. பழைய குழுவின் ஸ்னாப்ஷாட்டுகள் தங்கள் கணக்கில் கழியாமல் நிற்கும். இதில் தரவு போகாது, டிஸ்க்தான் நிறையும். டிஸ்க் முழுதும் நிறைந்துவிட்டால் ப்ரூனுக்கே வேலை செய்ய இடம் இருக்காது. மேக்ஸ்-ரீபேக்-சைஸ் 0 கொடுத்தால் மறுகட்டுமானம் செய்யாமல், முழுதும் வீணான பேக் கோப்புகளை மட்டும் நீக்கி இடம் விடும்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்குக் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் 2021 டிசம்பர் விபத்து ஒரு பாடம். பேக்கப் ஏற்பாட்டின் ஒரு பகுதியாகப் பழைய லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளை அழிக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதுப் பதிப்பு எழுதப்பட்டது. பாஷ் ஸ்கிரிப்டை முழுதும் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓடிக்கொண்டே படிக்கும். நடுவில் கோப்பு மாறியதால், மதிப்பு கொடுக்காத மாறிகளோடு அழிக்கும் வரி ஓடியது. சூப்பர் கணினியின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டிபி, 3.4 கோடி கோப்புகள் போயின. ரெஸ்டிக்கைச் சுற்றி எழுதும் எந்த ஸ்கிரிப்டிலும் தொடக்கத்தில் செட் -யு போடுங்கள். மதிப்பில்லாத மாறி வந்தால் பாஷ் அங்கேயே நிற்கும். ஸ்கிரிப்டை மாற்றும்போது வேறு பெயரில் எழுதி, எம்வி கொண்டு இடத்துக்கு நகர்த்துங்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு முடிக்கும்.

மீட்கும் நேரம்தான் மனிதன் அதிகம் பதறும் நேரம். ரீஸ்டோர் கட்டளை அதற்கேற்ப மென்மையாக இல்லை. டார்கெட் என்று கொடுத்த அடைவில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், வழக்கமாகக் கேட்காமல் அதன் மேல் எழுதும். புதிய பதிப்புகளில் ஓவர்ரைட் ஆப்ஷனுக்கு நெவர், இஃப்-நியூவர் என்ற மதிப்புகள் உண்டு. ரீஸ்டோருக்கும் ட்ரை-ரன் உண்டு. டிலீட் ஆப்ஷனும் வந்திருக்கிறது: ஸ்னாப்ஷாட்டில் இல்லாததை டார்கெட்டிலிருந்து நீக்கும். அதை ரூட் அடைவைக் குறிவைத்து ஓட்டுவது எதில் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. எப்போதும் காலியான புது அடைவில் மீட்டு, பார்த்து, பிறகு நகர்த்துங்கள். பல கணினிகள் ஒரே ரெப்போவில் சேமித்தால் லேட்டஸ்ட் என்ற சொல் அடுத்த மேசைக் கணினியின் ஸ்னாப்ஷாட்டாகவும் இருக்கலாம். ஹோஸ்ட் ஆப்ஷன் கொடுக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் மவுண்ட் கட்டளை ரெப்போவைச் சாதாரண அடைவுபோலத் திறந்து காட்டும். ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால் அதுவே வசதி. விண்டோஸில் அது கிடையாது.

செக் கட்டளை ரெப்போவின் கட்டமைப்பை மட்டும் பார்க்கும். பேக் கோப்புகளுக்குள் இருக்கும் தரவு அழுகியிருந்தால் சொல்லாது. ரீட்-டேட்டா சேர்த்தால் எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும், ஆனால் கிளவுடில் அவ்வளவையும் இறக்கினால் பில் வரும். ரீட்-டேட்டா-சப்செட்டில் ஜனவரிக்கு 1/12, பிப்ரவரிக்கு 2/12 என்று மாதம் ஒரு பங்காகக் கொடுத்தால் ஒரு வருடத்தில் முழுதும் பார்த்தாகிவிடும். ஒரே துண்டு ஒரு முறைதான் இருக்கும் என்ற சிக்கனத்தின் மறுபக்கம் இது: அந்த ஒரு துண்டு கெட்டால் அதை நம்பியிருக்கும் எல்லா ஸ்னாப்ஷாட்டிலும் அந்தக் கோப்பு கெடும். மூலக் கோப்பு இன்னும் கணினியில் இருந்தால், கெட்ட பேக் கோப்பை ரிப்பேர் பேக்ஸ் கொண்டு கழித்து (பேக் கோப்பே காணாமல் போயிருந்தால் ரிப்பேர் இண்டெக்ஸ் ஓட்டி), மறுபடி பேக்கப் எடுத்தால் போன துண்டு திரும்ப ஏறிவிடும். மூலமும் இல்லையென்றால் இரண்டாவது ரெப்போதான் கதி. முதல் ரெப்போவை கோப்புகளை அப்படியே ஒத்திசைக்கும் ஆர்குளோன் சிங்க் கொண்டு நகலெடுத்தால் அங்கே நடந்த சேதமும் அழிப்பும் இங்கேயும் வரும். ரெஸ்டிக்கின் காப்பி கட்டளை ஸ்னாப்ஷாட்டுகளைப் படித்து, சரிபார்த்து எழுதும். இரண்டாவது ரெப்போவை இனிட் செய்யும்போதே காப்பி-சங்கர்-பாராம்ஸ் சேர்க்க மறந்தால் இரண்டும் வேறு வேறு இடத்தில் வெட்டும். பிறகு இரண்டிலும் நேரடியாக பேக்கப் எடுத்தால் ஒரே தரவு இரட்டிப்பாக இடம் பிடிக்கும்.

திட்டக்குழு தன் தவறுகளை எப்படிக் கையாள்கிறது என்பதும் மதிப்பெண்ணில் சேர வேண்டியது. 0.16.3 பதிப்பில், சுருக்கத்தை மேக்ஸ் என்று வைத்தவர்களுக்கு அரிதான சூழலில் தரவு கெடும் பிழை இருந்தது. வெளி நூலகத்திலிருந்து வந்த பிழை. 2024-இல் 0.16.4-ஐ வெளியிட்டு அந்த நூலகத்தைப் பழைய பதிப்புக்கு இறக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் அனுப்பும் முன் திரும்பப் பிரித்துச் சரிபார்க்கும் படியைச் சேர்த்து, அதையே இயல்புநிலை ஆக்கினார்கள். இதில் சிபியு கொஞ்சம் செலவாகும், ஆனால் கோளாறான ரேம்கூட இந்தப் படியில் மாட்டிக்கொள்ளும். நோ-எக்ஸ்ட்ரா-வெரிஃபை கொடுத்து இதை அணைக்கலாம், அணைக்காதீர்கள்.

ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) பயம் உள்ளவர்கள் எஸ்எஃப்டிபியை விட்டு, ரெஸ்டிக் குழுவின் ரெஸ்ட்-சர்வரை அப்பெண்ட்-ஒன்லி முறையில் இன்னொரு கணினியில் ஓட்ட வேண்டும். அப்போது பேக்கப் எடுக்கும் கணினியால் சேர்க்க முடியும், அழிக்க முடியாது. ஃபர்கெட்டும் ப்ரூனும் சர்வர் பக்கம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையாகிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. தானே நேரம் பார்த்து ஓடாது. க்ரான், சிஸ்டம்டி டைமர், விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் என்று எதையாவது நாட வேண்டும். மடிக்கணினிக்கு சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் போடுவது நல்லது. அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தைத் திறந்ததும் ஓட்டும். பெரிய ரெப்போவில் இண்டெக்ஸ் (எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல்) முழுதும் ரேமில் ஏறும். 1 ஜிபி ரேம் உள்ள சிறு போர்டில் பல டிபி ரெப்போவுக்கு ப்ரூன் ஓட்டினால் பாதியில் கொல்லப்படும். மடிக்கணினியின் மூடியை மூடி ஓட்டம் அறுந்தால், ரெப்போ பயன்பாட்டில் இருப்பதைக் குறிக்கும் பூட்டு (லாக்) மிஞ்சும். அன்லாக் கட்டளை செத்த லாக்குகளை மட்டும் நீக்கும். ரிமூவ்-ஆல் சேர்த்துப் பழகினால் ஒரு நாள் வேறு கணினி நிஜமாகவே ப்ரூன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதன் லாக்கைப் பிடுங்குவீர்கள்.

அதிகாரப்பூர்வ வரைகலை முகப்பும் இல்லை. உலாவியில் திறக்கும் பேக்ரெஸ்ட் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கிறது; உள்ளே ஓடுவது ரெஸ்டிக்தான் என்பதால் நாளை பேக்ரெஸ்ட் நின்றாலும் ரெப்போவைக் கட்டளையால் திறக்கலாம். லினக்ஸிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மட்டும் எடுப்பவர் போர்க் பேக்கப்பையும் பார்க்கலாம். ஆனால் அதன் வழக்கமான ஏற்பாட்டில் மறுமுனையிலும் போர்க் நிறுவியிருக்க வேண்டும், விண்டோஸுக்கு அது நேரடியாக ஓடாது. டெர்மினலே வேண்டாம் என்பவருக்குத் தன் முகப்போடு வரும் கோபியா பொருந்தும். விண்டோஸும் லினக்ஸும் கலந்த வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் எங்கள் தேர்வு ரெஸ்டிக்: ஒரு 2 டிபி வெளி டிஸ்க்கில் ஒரு ரெப்போ, காப்பி கட்டளை வழியே கிளவுடில் இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு கணினியில், தாளில் எழுதிய கடவுச்சொல்லை மட்டும் வைத்து ஒரு முழு அடைவை மீட்டுப் பார்க்கும் சோதனை.